கட்ட முடியாத குரல்

அமெரிக்கப் பாடகர் பால் ராப்சனின் தந்தை, அடிமைத் தளையறுத்துத் தப்பியோடியவர், பின்னர்ப் பாதிரியாரானார். அவருடைய தேவாலயங்களில் கறுப்பின மக்கள் உருகிப் பாடிய பாடல்கள், 1898-இல் பிறந்த மைந்தனின் நெஞ்சில் இளமையிலேயே குடிபுகுந்தன. பக்திப் பாட்டென்றால் முகஞ்சுளிப்பவர்கள் நாம், மறைப்பானேன்? ஆயினும், அங்கே நாவில் இருந்தது கடவுள் பெயர். நாதத்தில் இருந்ததோ சாட்டையடி பட்ட முதுகின் வேதனை!

சட்டம் பயின்றார், வழக்கறிஞர் தொழிலை விட்டார். 1925-இல் நியூயார்க்கில் தம் இனத்தாரின் பாடல்களை மட்டுமே கொண்டு இசையரங்கு நடத்தினார். நிறவெறியைச் சாடினார். 1950-இல் அமெரிக்க அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. காலைக் கட்டினர், குரலை? 1952-இல் கனடா எல்லையோரம் லாரியின் மேல் நின்று பாடினார். அப்பாலிருந்து ஆயிரக்கணக்கானோர் கேட்டனர். சிறுவனாய்க் கேட்ட அதே வகைப் பாடல்களும் அன்று எல்லை தாண்டின.