ஒரே கணக்குள்ள அணிகளும் இறுதித் தரவரிசையும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயர்மட்டப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். ஓர் அணி வழக்கமான பருவத்தில் ஆடுவது 12 ஆட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவை அது சேர்ந்திருக்கும் ‘கான்ஃபரன்ஸ்’ எனும் குழுமத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஆகவே 11 வெற்றி, 1 தோல்வி என்று ஒரே கணக்கோடு பருவத்தை முடிக்கும் இரண்டு அணிகள் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்திருக்கலாம். பொதுவான எதிரணிகூட இல்லாமல் போகலாம். கிரிக்கெட் தொடர்களில் புள்ளிகள் சமமானால் நிகர ரன் விகிதத்தைப் பார்ப்பது போன்ற ஏற்பாடும் இங்கே இல்லை. யார் முன், யார் பின் என்பதை யாராவது உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் செய்தியாளர் வாக்கெடுப்பு 1936இலும், பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் பட்டியல் 1950இலும் தொடங்கின. இன்றைய முறையில் ஒவ்வொருவரும் 25 அணிகளை வரிசைப்படுத்துவார்; முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. இதில் ஒரு பழைய குறை உண்டு. பருவம் தொடங்கும் முன்பே பட்டியல் வெளிவந்துவிடுவதால், மேலே தொடங்கிய அணி வென்றுகொண்டே இருந்தால் அசையாது. செப்டம்பரில் தோற்ற அணிக்கு மீள அவகாசம் கிடைக்கும். நவம்பர் இறுதியில் தோற்றால் கிடைக்காது. தோல்வி ஒன்றுதான் என்றாலும் விலை வேறு.

1966இல் நோட்டர் டேம், மிச்சிகன் ஸ்டேட் அணிகள் 10-10 என்று சமன் செய்தன. கடைசி நிமிடத்தில் நோட்டர் டேம் வெற்றிக்கு முயலாமல் நேரத்தைக் கடத்தியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆனாலும் வாக்கெடுப்பில் அதற்கே முதலிடம், மிச்சிகன் ஸ்டேட்டுக்கு இரண்டாமிடம். எல்லா ஆட்டங்களையும் வென்ற அலபாமா மூன்றாவதாக நின்றது.

1998 முதல் 2013 வரை நடப்பில் இருந்த பி.சி.எஸ். முறை, தேசிய இறுதிப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்புகளோடு கணினிக் கணக்கையும் சேர்த்தது. 2000இல் ஃபுளோரிடா ஸ்டேட், மயாமி, வாஷிங்டன் மூன்றுக்கும் தலா ஒரு தோல்வி. வாஷிங்டன் மயாமியை வென்றிருந்தது. மயாமி ஃபுளோரிடா ஸ்டேட்டை 27-24 என்று வென்றிருந்தது. இறுதிப் போட்டிக்குச் சென்றதோ ஃபுளோரிடா ஸ்டேட். இதற்கு வலுவான நியாயம் காண்பது கடினம். மறு ஆண்டே சூத்திரம் திருத்தப்பட்டது. பெரும் புள்ளி வித்தியாசத்தில் எளிய அணிகளை நசுக்குவது ஊக்கம் பெறாதிருக்க, 2002 முதல் வெற்றி வித்தியாசமும் கணினிக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

நேருக்கு நேர் முடிவையே அளவுகோலாக்கலாமே என்ற வாதம் 2008இல் சிக்கலில் மாட்டியது. டல்லஸ் நகரின் பொது மைதானத்தில் டெக்சஸ் 45-35 என்று ஓக்லஹோமாவை வென்றது. பின்னர் டெக்சஸ் டெக், ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்கையில் மைக்கேல் கிராப்ட்ரீ பிடித்த பந்தால் டெக்சஸை 39-33 என்று வீழ்த்தியது. அந்த டெக்சஸ் டெக்கை ஓக்லஹோமா 65-21 என்று துவைத்தெடுத்தது. ஒரே குழுமத்தைச் சேர்ந்த மூன்றுக்கும் 11-1. சுற்றி வந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும் கணக்கு இது. குழும விதிப்படி பி.சி.எஸ். தரவரிசையில் மேலிருந்த ஓக்லஹோமா முன்னேறி, தேசிய இறுதிப் போட்டியில் ஃபுளோரிடாவிடம் 14-24 என்று தோற்றது. செய்தியாளர்களின் கடைசிப் பட்டியலில் டெக்சஸ் நான்காவது, ஓக்லஹோமா ஐந்தாவது. இரண்டு அணிகளுக்கு இடையில் நேரடி முடிவு கைகொடுக்கும். மூன்றாவது அணி நுழைந்தால் உதவாது.

2014இல், பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு 13 பேர் கொண்ட தேர்வுக்குழுவிடம் வந்தது. அணிகள் ஒப்பிடத்தக்கவையாக இருந்தால் நேரடி முடிவு, எதிரணிகளின் வலிமை, பொது எதிரணிகள், குழுமப் பட்டம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பது விதி. எதற்கு எவ்வளவு எடை என்பது விதியில் இல்லை. முதல் ஆண்டிலேயே, மூன்றாமிடத்தில் இருந்த டி.சி.யூ. தன் கடைசி ஆட்டத்தை 55-3 என்று வென்றும் ஆறாமிடத்துக்கு இறங்கியது. அதை 61-58 என்று வென்றிருந்த பேய்லருக்கு ஐந்தாமிடம். நான்காவதாக, கடைசி இடத்தைப் பிடித்து நுழைந்த ஓஹாயோ ஸ்டேட் பட்டத்தையே வென்றது. 2023இல் 13-0 கணக்கோடு நின்ற ஃபுளோரிடா ஸ்டேட், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முதன்மை குவார்ட்டர்பேக் காயமடைந்த நிலையில் ஒதுக்கப்பட, ஒரு தோல்வி கண்ட அலபாமா உள்ளே போனது. சாதித்த அணிக்கு இடமா, இன்றைய தேதியில் வலுவான அணிக்கு இடமா என்பதில் குழு இரண்டாவதன் பக்கம் சாய்ந்தது அப்போது வெளிப்படையானது.

2024இல் பங்கேற்கும் அணிகள் 12 ஆன பின்னும் சர்ச்சை ஒழியவில்லை. பட்டியலின் கீழ்ப்பகுதிக்கு நகர்ந்தது. 2025இல் மயாமி, நோட்டர் டேம் இரண்டும் 10-2. பருவத் தொடக்கத்தில் மயாமி 27-24 என்று வென்றிருந்தும், பல வாரங்கள் நோட்டர் டேமே மேலே இருந்தது. கடைசி வாரம் இரண்டுமே ஆடவில்லை. இடையில் இருந்த பி.ஒய்.யூ. தோற்று இறங்கியதும் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. அப்போதுதான் குழு அந்த நேரடி முடிவைக் கணக்கில் எடுத்தது. குழுமப் பட்டம் வென்ற அணிகளுக்கென ஒதுக்கிய இடங்கள் போக, மயாமி 10ஆம் இடத்தோடு உள்ளே, நோட்டர் டேம் 11ஆம் இடத்தோடு வெளியே.