வழிப்போக்கர் தந்த வேதம்

நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். சங்கத்தின் வரலாற்றை நம்மினும் மூத்தோர் இம்மலரிலேயே எழுதியுள்ளனர். ஆதலின் நாம் சற்றுப் பின்னோக்கிச் சென்று, நம் மக்கள் அச்சிட்ட நூலைக் கையில் ஏந்திய தொடக்க காலத்துச் செய்திகள் சிலவற்றை இங்குக் கூற விழைகின்றோம். நம் சங்கத்தில் சமய வேறுபாடு இல்லை. இந்துக்களும் கிறித்தவர்களும் பௌத்தர்களும் ஒரே பாயில் அமர்ந்து செயற்குழுக் கூட்டம் நடத்தும் சங்கம் இது. எனினும் தாழ்த்தப்பட்டோர் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் கிறித்தவ சமயம் நம் சேரிகளுக்குள் வந்த கதையைத் தொடாமல் செல்லுதல் இயலாது.

அக்கதையைப் பற்றி ஒரு படம் நம் எல்லோர் மனத்திலும் பதிந்துள்ளது. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் மரத்தடியில் நின்று பேசுகின்றார். நம் முன்னோர் தரையில் அமர்ந்து கேட்கின்றனர். பள்ளிப் பாடநூல்களிலும் மிஷன் வரலாறுகளிலும் இப்படமே திரும்பத் திரும்ப வரக் காண்கிறோம். ஆனால் பழைய குறிப்புகளை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்று புலனாகும். பல இடங்களில் பாதிரியார் இரண்டாவதாகவே வருகின்றார். அவருக்கு முன்னரே வழிப்போக்கர் ஒருவர் வந்து போயிருக்கிறார்.

தஞ்சைச் சீமையைச் சேர்ந்த இராசநாயக்கன் என்பாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். பெயரைக் கண்டு மயங்க வேண்டா. அவர் பறையர் குலத்தில் 1700ஆம் ஆண்டளவில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் காலத்திலேயே குடும்பம் உரோமன் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்தது. அவரோ தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராகப் பணியாற்றி வந்தார். 1720களில் ஒருநாள் நாடோடியாய்த் திரிந்த பண்டாரம் ஒருவர் அவரிடம் வந்தார். அவர் கையில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய தமிழ் நூல் ஒன்று இருந்தது. அது தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் சீகன்பால்கு ஐயர் 1714ஆம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்ட நூல். இராசநாயக்கன் அதனை இரவலாகக் கேட்டுப் பெற்றார். பெற்றவர் படித்ததோடு அமையவில்லை, ஓலையில் படியெடுத்தார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஓலையில் படியெடுத்தல் எளிய செயலன்று. ஓலையை வாரிப் பதப்படுத்தி, எழுத்தாணியால் வரிவரியாகக் கீறி, மையாட்டித் துடைத்து, துளையிட்டுக் கயிறு கோத்து முடிக்க வேண்டும். நான்கு சுவிசேஷங்களும் நடபடிகளும் சேர்ந்தால் புதிய ஏற்பாட்டில் சரிபாதிக்கு மேற்பட்ட பகுதி. படைவீரர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் இதனைச் செய்தாரென்றால் அவருக்கு எழுத்து எவ்வளவு பழக்கமாயிருந்திருக்க வேண்டும்! நம் மக்களுக்கு எழுத்தறிவு என்பது அயலார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இட்ட பிச்சை எனப் பேசுவோர் இன்றும் உளர். அவர்கள் இந்த ஓலைச் சுவடியை எண்ணிப் பார்த்தல் நன்று.

பின்னர் அவர் தரங்கம்பாடி ஐயர்மாருக்குக் கடிதம் எழுதி, நேரிலும் சென்று கண்டு, படைத்தொழிலை விட்டு உபதேசியாரானார். ஐரோப்பியர் தஞ்சை நாட்டுக்குள் தடையின்றி நடமாட இயலாதிருந்த காலம் அது. அங்கெல்லாம் சென்று பேசியவர்கள் இராசநாயக்கனைப் போன்ற உபதேசியார்களே. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் அப்பணி ஆற்றினார். ஆயினும் 1733ஆம் ஆண்டு உள்நாட்டவர் ஒருவரை முதன்முதலாகக் குருவாக அபிடேகம் செய்ய ஐயர்மார் முனைந்தபோது, இராசநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டு, அவர் பறையர் என்ற காரணத்தாலேயே விலக்கப்பட்டது. அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதிக் கிறித்தவர் உடன்படமாட்டார் என்று அஞ்சினர். வேளாளரான ஆரோன் என்பவர் அபிடேகம் பெற்றார். ஆரோன் நல்லவர், உழைப்பாளி. அவர்மீது நமக்குக் குறையில்லை. பண்டாரம் சாதி கேளாமல் கொடுத்த நூலை, சபை சாதி கேட்டே கைக்கொண்டது என்பதே நம் குறை.

அடுத்து நாம் தென் திருவிதாங்கூருக்குச் செல்வோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி என்னும் ஊரில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பார் 1799ஆம் ஆண்டு உறவினர் ஒருவரை உடன்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, கால்நடைப் பயணம். திருவிதாங்கூரில் அக்காலத்தில் நம்மவர் எல்லா வழிகளிலும் நடக்கவும் உரிமையில்லை; எதிரே உயர்சாதியார் வந்தால் விலகிப் புதருக்குள் நிற்க வேண்டும். மனிதரை விற்கவும் வாங்கவும் சட்டம் இடங்கொடுத்த நாடு அது. அடிமை முறை அங்கு முற்றிலும் ஒழிந்தது 1855ஆம் ஆண்டிலேதான். சத்திரங்களில் படுக்க இடமும் சோறும் பிறருக்கு உண்டு. நம்மவருக்கு மரத்தடியே சத்திரம். இவ்வளவையும் கடந்து தில்லையை அடைந்தாலும் கோயிலுக்குள் நுழைய இயலாது. பெரியபுராணம் போற்றும் திருநாளைப்போவாரே தீயில் மூழ்கி எழுந்த பின்னன்றோ உள்ளே அனுமதிக்கப்பட்டார்! மகாராசன் வெளியே நின்று தொழுது, மனநிறைவு பெறாமலே திரும்பினார். அவர் தில்லையில் கனவொன்று கண்டார் என்றும் அதில் பெரியவர் ஒருவர் தோன்றி அவரைக் கடிந்து வழிகாட்டினார் என்றும் மரபுச் செய்தியொன்று வழங்குகிறது. கனவின்றியும் அவர் நெஞ்சம் கலங்கியிருக்கும் என்பதே நம் கருத்து.

திரும்பும் வழியில் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த சுற்றத்தாரைக் காணச் சென்றார். அவர்கள் அதற்குள் கிறித்தவர்களாகியிருந்தனர். களைத்து வந்தவருக்குக் கஞ்சியும் படுக்கப் பாயும் தந்த அவர்கள், தஞ்சைக் கோயிலுக்கும் அழைத்துச் சென்றனர். அங்கே சுவார்ட்ஸ் ஐயர் 1798ஆம் ஆண்டு மறைந்த பின் பொறுப்பிலிருந்தவர் கோலாப் ஐயர். இவர் தரங்கம்பாடியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்கு இளமைப் பருவ மொழி. தெற்கிலிருந்து வந்த முன்பின் அறியாத யாத்திரிகரோடு அவர் அமர்ந்து பேசினார். அப்பேச்சின் பயனாக மகாராசன் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். புதிய ஏற்பாடும் வேறு சில நூல்களும் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். சிதம்பரத்துக்குப் போனவர் திருநீற்றுக்குப் பதிலாகப் புத்தக மூட்டையுடன் வந்ததைக் கண்ட மயிலாடியார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

தஞ்சைச் சபையை நாம் பொன்னுலகமாக வருணிக்க விரும்பவில்லை. அக்கோயிலிலும் வேளாளருக்கு ஒருபுறமும் பறையருக்கு ஒருபுறமுமாக இருக்கை பிரிந்தே இருந்தது. 1833ஆம் ஆண்டு அத்தியட்சர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சை வேளாளக் கிறித்தவர் பலர் கோயிலையே விட்டு வெளியேறினர். வேதமாணிக்கமும் அங்கிருந்தபோது அந்த ஒருபுறத்திலேதான் அமர்ந்திருப்பார். எனினும் வெளியே நின்று தொழுதவர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தார் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஊருக்குத் திரும்பிய வேதமாணிக்கம் தம் குடும்பத்தாருக்கும் அயலாருக்கும் தாம் கேட்டதைச் சொல்லி, ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்தார். அவ்வாண்டுகளில் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையின் மிஷனரி எவரும் இலர். இடுக்கண்கள் மிகுந்தன. மீண்டும் தஞ்சைக்கு நடந்து சென்று உதவி வேண்டினார். அதன் தொடர்ச்சியாகவே இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல் தௌபே ஐயர் 1806ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். இடையில் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியால் தடையேற்பட்டு, 1809ஆம் ஆண்டு மயிலாடியில் கோயிலும் பள்ளியும் எழுந்தன. அப்பள்ளியே பின்னர் நாகர்கோயிலுக்குப் பெயர்ந்து, 1893இல் கல்லூரியாகி, இசுக்காட்டுக் கிறித்தவக் கல்லூரி என்னும் பெயரில் விளங்குகிறது. 1816ஆம் ஆண்டு ரிங்கல் தௌபே உடல்நலம் குன்றி நாட்டை விட்டுச் சென்றபோது, சபைகளின் பொறுப்பு முழுவதையும் வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்துச் சென்றார். 1818இல் மீட் ஐயர் வந்து சேரும்வரை அவர் அதனைக் காத்தார். அச்சபைகளில் சாம்பவரினும் நாடார் மக்களே அதிகம் இருந்தனர் என்பதையும் கருதினால், 1733இல் தரங்கம்பாடியில் மறுக்கப்பட்டது 1816இல் மயிலாடியில் ஓரளவேனும் வழங்கப்பட்டது எனலாம். 1827ஆம் ஆண்டு வேதமாணிக்கம் காலமானார்.

சோற்றுக்காகச் சமயம் மாறினர் என்னும் பழிச்சொல் நம்மவர்மீது சுமத்தப்படுவது பழைய வழக்கம். பஞ்ச காலங்களில் அவ்வாறு சேர்ந்தோரும் உண்டு. பசித்தவன் சோறு தந்தவனை நம்புவதில் இழிவு யாதுமில்லை. ஆனால் வழியில் நடக்கும் உரையாடலுக்கு அப்பழி பொருந்தாது. தஞ்சையில் பேசிய கோலாப் ஐயருக்குத் திருவிதாங்கூரில் ஒரு காணி நிலமோ அதிகாரமோ கிடையாது. கேட்டவர் மறுநாள் விடைபெற்று நடந்திருந்தால் தடுப்பார் இல்லை. மயிலாடிக்குத் திரும்பியபின் வேதமாணிக்கத்துக்குக் கிடைத்தவை வசவும் இடையூறுமே. பிற்காலத்து வழித்தோன்றல்களுக்கும் இது தொடர்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களல்லாதாரை அட்டவணைச் சாதிப் பட்டியலினின்று விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கிறித்தவரான நம் உறவினர் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவில், ஒரே பாட்டனாருக்குப் பேரர்களான இரு மாணவர்களில் ஒருவர்க்கு ஒரு சாதிச் சான்றும் மற்றவர்க்கு வேறொன்றும் வழங்கப்படும் விந்தையை நம் சங்கத்தின் உதவித்தொகைக் குழுவினர் ஆண்டுதோறும் காண்கின்றனர். ஆதாயத்துக்கு மாறினர் என்போர் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

வழிப்பயணத்துக்கும் நம் மக்களுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அது தோல் வணிகம். பிறர் தொட அஞ்சிய தொழில், நம்மவரை ஊர்விட்டு ஊர் செல்ல வைத்தது. ஒங்கோல் வட்டாரத்து மாதிகரான எர்ரகுண்ட்ல பேரய்யா 1860களில் தோல் வாங்க வடபகுதிக்குச் சென்ற இடத்தில்தான் சுவிசேஷத்தை முதன்முதல் கேட்டார். அவர் தம் ஊர்ப்புறத்தில் அதனைப் பரப்பிய பிறகே ஒங்கோலில் குளோ ஐயரின் பெரும்பணி நடந்தது. பஞ்சாபில், இன்று பாகிஸ்தானிலுள்ள சியால்கோட்டுப் பகுதியில், தித் என்னும் சூரா குலத்தவரும் தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவரே. எழுத்தறியாதவர், ஒரு கால் ஊனம். அவருக்கு வேதத்தைச் சொன்னவர் நட்டு என்னும் ஜாட் வகுப்பினர். இந்த நட்டுவைப் பிற்காலத்தில் மிஷனரிமார் உறுதியற்றவர் என்றே கருதினர். 1873ஆம் ஆண்டு சூன் திங்களில் தித் சியால்கோட்டுக்கு வந்து மார்ட்டின் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். போதிய பயிற்சியின்றி அதனைக் கொடுக்க ஐயருக்குத் தயக்கம். மறுக்கவும் காரணம் தோன்றவில்லை. கொடுத்துவிட்டு, இங்கேயே தங்கிக் கற்றுக்கொள் என்றார். தித் இணங்கவில்லை. தம் ஊருக்குப் போய்த் தோல் வணிகத்தையே தொடரப் போவதாகச் சொல்லி நடந்துவிட்டார். உறவினர் அவரை எள்ளினர், ஒதுக்கினர். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் அழைத்துக்கொண்டு, அந்த ஊனக் காலோடு முப்பது மைல் நடந்து மீண்டும் சியால்கோட்டுக்கு வந்தார். நால்வரையும் மார்ட்டின் ஐயர் தனித்தனியே வினவினார். அவர்கள் அறிந்திருந்தவை அனைத்தும் தித் கற்பித்தவையே. அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவுடன் அனைவரும் ஊருக்குத் திரும்பி நடந்தனர்.