ஸ்டீராய்டுச் சேர்மங்களின் நுண்ணுயிர் எதிர்ப்புச் சோதனை

ஸ்டீராய்டு என்றதும் வீக்கத்துக்கு எழுதித் தரும் மாத்திரையும் ஜிம்மில் போடும் ஊசியும்தான் நினைவுக்கு வருகின்றன. வேதியியலிலோ அது நான்கு வளையங்கள் ஒட்டிய ஒரு சட்டகத்தின் பெயர். அந்தச் சட்டகத்தில் புதுப்புதுத் தொகுதிகளை இணைத்து, விளையும் சேர்மம் பாக்டீரியாவையோ பூஞ்சையையோ தடுக்கிறதா என்று பார்ப்பதே இச்சோதனை.

வழிகாட்டியது இயற்கைதான். டென்மார்க்கின் லியோ நிறுவனம் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த ஃபியூசிடிக் அமிலம் 1962இல் வெளிவந்தது. பாக்டீரியாவின் புரத உற்பத்தியை முடக்கும் இது, தோல் புண்ணுக்கான களிம்பாக நம் மருந்துக் கடைகளில் இன்றும் விற்கிறது. 1993இல் மைக்கேல் சஸ்லாஃப் குழுவினர் ஒருவகைச் சிறு சுறாவின் வயிற்றுத் திசுவில் ஸ்குவாலமைன் என்னும் கிருமியெதிர்ப்பு ஸ்டீராய்டைக் கண்டனர். மருந்துக்காகச் சுறாவைப் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பால் சாவேஜ் பித்த அமிலத்தில் தொடங்கி, அதே வேலையைச் செய்யும் செராஜெனின்களை உருவாக்கினார். புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும் பித்த அமில வழிச் சேர்மங்களைத் தயாரித்துச் சோதித்தது.

சோதனையில் ஒரு பொறி உண்டு. கிருமி பூசிய அகார் தட்டில் மருந்து வட்டை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வளையத்தை அளப்பது 1966இல் கிர்பி, பாயர் முதலானோர் செம்மைப்படுத்திய முறை. எண்ணெய்த்தன்மை மிகுந்த ஸ்டீராய்டு நீர்மயமான அகாரில் எளிதில் பரவாது. வளையம் சிறுத்திருந்தால் சேர்மம் சோடை என்று தள்ளிவிடக் கூடாது. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்தச் செறிவுவரை வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பதே நம்பத்தக்கது. கரைப்பானை மட்டும் விட்ட குழாயும் பக்கத்தில் இருக்க வேண்டும். கிருமியைத் தடுத்தது கரைப்பானாகவும் இருக்கலாம்.

இத்தகைய புதுச் சேர்மங்கள் ஏன் தேவை என்பதைச் சென்னையே காட்டியது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2010ஆம் ஆண்டு ஆய்வு, கார்பபெனெம் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளையே சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதி கொண்ட 44 கிருமி மாதிரிகளைச் சென்னையில் கண்டது. அவை கிராம்-எதிர் வகை; அவற்றின் வெளிச்சவ்வைத் தாண்டி ஃபியூசிடிக் அமிலம் எளிதில் நுழையாது. ஸ்குவாலமைன், செராஜெனின் போன்ற நேர்மின்னூட்டம் ஏற்றிய ஸ்டீராய்டுகளோ சவ்வையே கிழிக்கின்றன. சிவப்பணுவுக்கும் சவ்வு உண்டு. ஆகவே அடுத்த குழாயில் இரத்தம் வைத்துப் பார்க்கிறார்கள். தட்டில் தேறிய பல சேர்மங்கள் தோற்பது அங்கேதான்.