வலைப்பக்கம் எழுதிய வரலாறு

வலைப்பக்கங்களை மக்கள் முதலிற் கையினாலே குறிச்சொல் குறிச்சொல்லாக எழுதினர் என்றும், அவ்வுழைப்பைக் குறைத்தற்பொருட்டுக் காட்சிமுறைத் தொகுப்பிகள் பின்னர்த் தோன்றின என்றும் பலர் கருதுவர். எழுத்தாணிக்குப் பின் அச்சுப்பொறி வந்தவாறே இதுவும் வந்தது என்பது அவர்தம் எண்ணம். மூலவரலாற்றை ஆராயுமிடத்து இம்முறை தலைகீழாகக் காணப்படுகின்றது.

ஜெனீவா நகரையடுத்துள்ள சேர்ண் ஆய்வுநிலையத்திற் பணிபுரிந்த ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1990ஆம் ஆண்டின் இறுதியில் நெக்ஸ்ற் என்னும் கணினிக்கென முதலாவது உலாவியை ஆக்கினார். அவ்வுலாவியே தொகுப்பியுமாயிருந்தது. படிக்கும் சாளரத்திலேயே எழுதவும் இணைப்பு அமைக்கவும் இயன்றது. எச்.ரி.எம்.எல். குறிச்சொற்களைப் பயனர் தம் கண்ணாற் காணநேரும் என அவர் கருதவேயில்லை.

ஆயின், நெக்ஸ்ற் கணினியை உடையோர் மிகச் சிலரே. பிற கணினிகளுக்கென 1991இல் எழுந்த எளிய உலாவி படித்தற்கு மட்டும் உதவியது. 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மார்க் அன்றீசன், எரிக் பீனா என்போர் ஆக்கிய மொசேயிக் உலாவி வலையை உலகறியச் செய்தது; அதிலும் தொகுக்கும் வசதி இல்லை. எழுத விரும்பியோர் சாதாரண உரைத்தொகுப்பியைத் திறந்து குறிச்சொற்களைத் தாமே இட்டனர். கையெழுத்து முறை இவ்வாறு ஒரு குறையினின்றே பிறந்தது.

அக்குறையே ஒரு பள்ளிக்கூடமாயிற்று என்பதையும் மறத்தலாகாது. எப்பக்கத்தின் மூலக்குறியையும் உலாவியே காட்டுமாதலின், பிறர் எழுதியதைப் பார்த்து ஒரு தலைமுறை ஆசிரியரின்றியே கற்றது. ஏடு பார்த்துப் பிரதிசெய்து படித்த நம் முன்னோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

வெர்மீர் நிறுவனம் ஆக்கிய புறொன்ற்பேஜை 1996 தைத் திங்களில் மைக்குரோசொவ்ற் விலைக்கு வாங்கியது. 1997 மார்கழியில் மக்குறோமீடியாவின் ட்றீம்வீவர் வெளிவந்தது. திரையிற் காண்பதையே படிப்போரும் காண்பர் என்பது இத்தகைய கருவிகளின் வாக்குறுதி. அச்சுத்தாளுக்கு அது பொருந்தும். தாளின் அளவை அச்சிடுவோன் அறிவான். வலைப்பக்கத்தைப் படிப்போனது திரையின் அகலமோ ஆக்குவோன் அறியாதது. தலைப்பு, பந்தி, பட்டியல் எனப் பொருளமைதியைச் சுட்ட எழுந்த குறிமொழியைத் தோற்றத்திற்காக வளைத்தபோது, அட்டவணைக்குள் அட்டவணையும் எழுத்துருக் குறிச்சொல்லின்மேல் எழுத்துருக் குறிச்சொல்லும் குவிந்தன. கையால் எழுதியோர் சினந்தது இதற்காகவே. அவர்கள் எழுதிவைத்ததைக் கருவி தன் விருப்பப்படி மாற்றியெழுதியதும் உண்டு; இதனைத் தவிர்க்க முயன்றமையே ட்றீம்வீவரின் செல்வாக்கிற்கு ஒரு காரணமாயிற்று.

ஆயினும் கையால் எழுதியோரும் குற்றமற்றவரல்லர். அட்டவணையாற் பக்கம் வகுக்கும் வழக்கத்தை அவர்களும் பெரிதும் கையாண்டனர். தோற்றத்தைத் தனியே வகுக்கும் சீ.எஸ்.எஸ். விதிகள் 1996இலேயே வெளியாயினும், உலாவிகள் அவற்றைச் செவ்வனே ஏற்கப் பல்லாண்டு சென்றன. இவ்வழக்கிற் கையையும் கருவியையும் எதிரெதிரே நிறுத்துவது பிழை என்பதே எம் துணிபு. பொருளைக் குறிப்பதா, தோற்றத்தைப் புனைவதா என்பதே ஆங்கு எழுந்த வினா. பேர்ணேர்ஸ்-லீயின் தொகுப்பியில் எழுதுவோர் ஒரு வரியைத் தலைப்பு எனத் தெரிந்தனர். அதன் வடிவம் அத்தெரிவைப் பின்பற்றி அமைந்தது.

புறொன்ற்பேஜ் 2006இல் நிறுத்தப்பட்டது. 2018 மார்கழியில் வேர்ட்பிரெஸ் தன் மென்பொருளிற் சேர்த்த குட்டன்பேர்க் என்னும் தொகுப்பியில், எழுதுவோர் தலைப்பு, பந்தி, பட்டியல் என்னும் கட்டங்களைத் தெரிகின்றனர். குறிச்சொற்கள் பின்னே மறைந்து நிற்கின்றன. 1990இல் நெக்ஸ்ற் கணினியின் திரையில் இருந்ததும் ஏறக்குறைய இதுவே.