கால் அங்குல நிப்பிளும் அதில் நுழையாத ட்யூபும்

கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரில் ரப்பர் ட்யூப் மாட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சுலபமாக உள்ளே போகிற ட்யூப் நல்ல ட்யூப் இல்லை. முரண்டு பிடித்து, விரலைச் சிவக்க வைத்து, கடைசியில் மனமில்லாமல் போய் உட்காருகிற ட்யூப்தான் நம்மை ராத்திரி நிம்மதியாகத் தூங்க விடும். ‘இறுக்கம்’ என்கிற இந்தச் சின்ன சமாச்சாரத்துக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட உதாரணம் சில அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம்: அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் பாத்திரமும், அதில் மாட்டும் ட்யூபும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே இதைச் செய்முறைக் குறிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இது வரலாறு மட்டுமே.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்த நம் குடியிருப்பு அன்பர்கள் சிலர், அங்கே கார் ஷெட்டில் பழைய ஃபிரிட்ஜும் அதற்குள் உயரமான ஸ்டீல் டப்பாவும் இருப்பதைக் கவனித்திருக்கலாம். அந்த டப்பாவுக்கு ‘கெக்’ என்று பெயர். மேலே இரண்டு வாய்கள். ஒன்றின் வழியாகக் கரியமில வாயு உள்ளே போகும். அந்த அழுத்தத்தில் மற்றதன் வழியாக பீர் வெளியே வரும். ஒவ்வொரு வாயிலும் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் ‘க்ளிக்’ என்று உட்காரும். கனெக்டரின் மறுமுனையில் வரிவரியாக மேடு வைத்த ஒரு நிப்பிள். அதில்தான் ட்யூபை ஏற்ற வேண்டும்.

ஏற்றுவதுதான் பாடு. நிப்பிள் கால் அங்குல அளவு, அதாவது 6.35 மில்லிமீட்டர். ட்யூபின் உள்விட்டமோ அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது 4.76 மில்லிமீட்டர். ட்யூபின் வாயைவிட நிப்பிள் மூன்றில் ஒரு பங்கு பெரியது. இரண்டையும் ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்து அலமாரியில் விற்கிறார்கள். வங்கியில் இருந்தபோது, இரண்டு லெட்ஜர்கள் டாலி ஆகாவிட்டால் முதலில் நாங்கள் கேட்பது, ‘இந்த இரண்டையும் எழுதியது ஒரே ஆளா?’ என்பதுதான். இங்கேயும் அதைக் கேட்டால் விடை கிடைத்துவிடும். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள்.

பம்ப் வந்த கதை

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் மதுக்கடைகளில் பீப்பாய் நிலவறையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஆள் கீழே இறங்கிப் போய் ஜாடியில் பிடித்துக்கொண்டு வருவான். பூட்டு செய்வதில் பெயர் பெற்ற ஜோசப் பிராமா என்பவர், கீழேயிருந்து மேலே பீரை இழுக்கும் கை பம்புக்கு 1797-இல் காப்புரிமை வாங்கினார். ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கண்டுபிடித்தவரும் இவரேதான். பம்ப் வந்தால் குழாய் வேண்டும். அன்றைக்குக் கிடைத்தது உலோகக் குழாய். அதில் ஈயமும் உண்டு. உலோகம் வளைந்து கொடுக்காது. ஈயம் உடம்புக்கு ஆகாது.

வளையும் குழாய் என்றால் அப்போது தோல்தான். 1670-களில் ஆம்ஸ்டர்டாம் ஓவியர் யான் வான் டெர் ஹைடன் தீயணைப்புக்குத் தோலில் குழாய் தைத்தார். தையல் உள்ள இடமெல்லாம் கசிவும் உண்டு. ரப்பர் இருந்தது; ஆனால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கே சுருங்கி, மாட்டிய இடத்தைக் கவ்விக்கொள்ளும் பொருள் அப்போதுதான் மனிதன் கைக்கு வந்தது. நிப்பிளைவிடச் சிறிய ட்யூபை வேண்டுமென்றே மாட்டும் வழக்கமே இந்தக் குணத்தை நம்பித்தான். 1926-இல் ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்து வால்டோ சீமன், விறைப்பான பி.வி.சி.யை வளையும் பொருளாக மாற்றினார். இன்றைய கண்ணாடி போன்ற பீர் ட்யூப் அதன் வாரிசு.

சோடா கம்பெனி கழித்த சொத்து

இனி கெக்குக்கு வருவோம். இது பீருக்காகச் செய்யப்பட்டதே இல்லை. அமெரிக்க ஓட்டல்களில் கோலா பானத்தின் சிரப் இந்த டப்பாவில்தான் வரும். மெஷின் அதில் சோடா கலந்து தரும். டப்பாவின் கொள்ளளவு ஐந்து காலன், கிட்டத்தட்ட 19 லிட்டர். மினியாபொலிஸில் 1931-இல் ரிச்சர்ட் கார்னீலியஸ் தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் இன்றும் இதைக் ‘கார்னி கெக்’ என்கிறார்கள். டயர் கம்பெனியாக நாம் அறிந்த ஃபயர்ஸ்டோனும் இதைச் செய்தது.

பெப்சிக்கு ஒரு வகை வாய், கோக்குக்கு இன்னொரு வகை. பெப்சியினுடையதில் சிறு குண்டுகள் பூட்டிக்கொள்ளும். கோக்கினுடையதில் ஆணிகள் உண்டு: வாயுப் பக்கம் இரண்டு, திரவப் பக்கம் மூன்று. ஓட்டல் பையன் அவசரத்தில் மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இதன் கனெக்டரும் நிப்பிளும் சிரப்புக்கும் வாயுவுக்கும் தோதாகக் கால் அங்குலம். பீருக்கு எந்த அளவு வேண்டும் என்று சோடா கம்பெனிக்காரர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சிரப் அனுப்பும் முறை வந்தது. திரும்ப எடுக்க வேண்டாம், கழுவ வேண்டாம். செலவு குறைவு. 1980-களிலிருந்து ஸ்டீல் டப்பாக்கள் மெல்ல வேலையிழந்தன. காமர்ஸ் படித்தவர்கள் பாஷையில், தேய்மானம் முழுக்கக் கழிந்து புத்தக மதிப்பு பூஜ்யமான சொத்து. ஆனால் 130 பவுண்டு அழுத்தம் வரை தாங்கும் என்று முத்திரை குத்திய துருப்பிடிக்காத ஸ்டீலுக்கு உபயோக மதிப்பு எப்படிப் பூஜ்யமாகும்? வாங்க ஒரு கூட்டம் காத்திருந்தது.

அந்தக் கூட்டம் வெளியே தலைகாட்டவே அறுபது வருடம் ஆயிற்று. அமெரிக்காவில் 1920 ஜனவரியில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1933 டிசம்பரில் நீங்கியது. நீங்கிய பிறகு வீட்டில் ஒயின் தயாரிக்க வரிவிலக்கு கிடைத்தது. பீருக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் 1880 முதல் லைசன்ஸ் தேவைப்பட்டது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை ரத்து செய்தார். அமெரிக்காவில் கலிபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முயற்சியில் திருத்தம் வந்து, 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி 1 முதல் அமல். ஒரே ஒரு வயது வந்தவர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 காலன், இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 காலன், விற்கக் கூடாது. ஆனால் மாநிலங்களும் சம்மதிக்க வேண்டுமே! மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் சம்மதித்தன.

ஆக, ஒரு பக்கம் சட்டம் கதவைத் திறந்தது. மறுபக்கம் சோடா கம்பெனி டப்பாவைக் கழித்தது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன. பாட்டில் பாட்டிலாகக் கழுவி மூடிபோட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே டப்பாவில் வேலை முடிந்தது.

ட்யூப் ஏன் குறுகலாக இருக்கிறது?

நிப்பிள் கால் அங்குலம் என்றால் ட்யூபையும் கால் அங்குலத்தில் வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால் டம்ளரில் பாதிக்கு மேல் நுரைதான் வரும்.

கெக்கின் உள்ளே அழுத்தம் சுமார் 10 முதல் 12 பவுண்டு இருக்கும். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பேரக்குழந்தைகளுக்கே தெரியும். அந்த அழுத்தம் டம்ளருக்கு வரும் முன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். அதைக் குறைப்பது ட்யூபின் உரசல். குறுகிய பீர் ட்யூபில் ஓரடிக்கு இரண்டு மூன்று பவுண்டு குறையும். கால் அங்குல ட்யூபில் ஒரு பவுண்டுகூடக் குறையாது. அதே வேலைக்கு மூன்று நான்கு மடங்கு நீளம் வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் அவ்வளவையும் எங்கே சுருட்டி வைப்பது? ஆகவே பீர்க்காரர் கணக்கில் ட்யூப் குறுகல்தான் சரி. சோடாக்காரர் கணக்கில் நிப்பிள் கால் அங்குலம்தான் சரி. இரண்டு லெட்ஜரும் தனித்தனியே சரியானவை. சேர்த்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை மனிதனின் விரல்தான் தாங்க வேண்டியிருக்கிறது.

கைப்பழக்கத்தில் வந்த வழி

அனுபவத்தில் அவர்கள் கண்டுபிடித்த முறை எளிமையானது. ட்யூபின் நுனியைக் கோணலில்லாமல் நேராக வெட்ட வேண்டும். நுனி அங்குலத்தை மட்டும் நல்ல சுடுதண்ணீரில் அரை நிமிடம், ஒரு நிமிடம் முக்கினால் பி.வி.சி. இளகும். கூரான குறடின் மூக்கை உள்ளே விட்டு லேசாக வாயை அகட்டி, சூடு ஆறுவதற்குள் நேராக அழுத்த வேண்டும். வழுக்கத் தண்ணீர் போதும். எண்ணெய் ஆகாது, எண்ணெய் பட்டால் பீரின் நுரை நிற்காது. நெருப்பில் காட்டவும் கூடாது. பிளாஸ்டிக் கருகி மெலிந்துவிடும். ஆறியதும் ட்யூப் சுருங்கி, நிப்பிளின் மேடுகளைக் கவ்விக்கொள்ளும். பிறகு இழுத்தாலும் வராது. கழற்ற வேண்டுமானால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுக்க வேண்டியதுதான், நிப்பிளில் கீறல் விழாமல்.

அதன் மேலே ஒரு கிளிப். திருகாணி வைத்த கிளிப்பை இங்கிலாந்துக் கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன் 1921-இல் கொண்டுவந்தார். அதன் ‘ஜூப்ளி’ என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் நிப்பிளே வேண்டாம் என்று ட்யூபைச் சும்மா உள்ளே தள்ளினால் பிடித்துக்கொள்ளும் ஃபிட்டிங் வந்தது. உள்ளே ஒரு ஓ ரிங் கசிவைத் தடுக்கும். ஸ்டீல் பல் வைத்த வளையம் ட்யூபை வெளியே விடாது. அந்த ஓ ரிங்குக்கு 1939-இல் காப்புரிமை பெற்றவர், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன்.

இந்த ஃபிட்டிங்கைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். உங்கள் சமையலறை ஆர்.ஓ. மெஷினின் வெள்ளை ட்யூப் அதில்தான் மாட்டியிருக்கிறது. அதன் வெளிவிட்டமும் அதே கால் அங்குலம்தான்!

நமக்கு என்ன?

இத்தனை பாடும் எதற்கு என்றால், இறுக்கம் போனால் போவது பீர் மட்டும் இல்லை. வாயுப் பக்கம் மயிரிழை கசிந்தாலும் ராத்திரிக்குள் சிலிண்டர் காலி. கரியமில வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய சிறு அறையில் கீழே தேங்கி மூச்சை அடைக்கும். அதனால்தான் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே அவர்கள் படுக்கப் போகிறார்கள்.

நம் சமையலறை வாயுவுக்கு மணம் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதில் இரண்டும் ஒன்று. கேஸ் ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் ட்யூபில் அச்சிட்டிருக்கும் வருடத்தை ஒருமுறை பாருங்கள். தளர்ந்த இடத்தில் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆர்.ஓ. மெஷின், வாஷிங் மெஷின் ட்யூப்களின் முனையையும் ஈரத்துணி இல்லாத உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். மூன்றாம் மாடியில் ஒரு சொட்டு என்றால் இரண்டாம் மாடிக் கூரையில் ஒரு கறை. வெளியூர் போகும்போது தண்ணீர் வால்வையும் சிலிண்டரையும் மூடிவிட்டுப் போனால் கீழ் வீட்டுக்காரருக்கும் நிம்மதி, நம் சங்கச் செயலாளருக்கும் நிம்மதி.