பெயர்தலும் இருத்தலும்

ஊரை விட்டுப் பெயர்வதும் ஊரிலே தங்குவதும் அவரவர் விருப்பம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அவ்விருப்பம் ஒருவனளவில் நில்லாது, மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் வாழ்வை வகுத்துவிடும் என்பதற்கு நம் புதுச்சேரிச் சரித்திரமே சான்று. இதனை நம் சங்கத்து இளைஞர் பலர் அறியாதிருத்தலின், ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தோம்.

பெயர்தல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. 1853-ஆம் ஆண்டில் 'ஒரேலி' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்று மார்த்தினிக்குத் தீவில் இறக்கியது. மறுவாண்டில் அக்கப்பலே குவாதலூப்புத் தீவுக்கும் சென்றது. ஐந்தாண்டு உழைத்து மீள்வோம் என்று சென்றாருள் மீளாதவர் மிகப் பலர். பின்னர், 1881-ஆம் ஆண்டுச் செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின் வழியே, தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர், புதிய குடும்பப்பெயர் பூண்டு, சைகோன் முதலிய இடங்களில் உத்தியோகம் பெற்றனர். ஆயினும் இவையெல்லாம் சென்றவர் மட்டும் எடுத்த முடிபுகள். ஊரிலிருந்தாரையும் முடிபு செய்க என்று வற்புறுத்திய காலம் ஒன்று பின்னர் வந்தது.

1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரிற் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்தியாவோடு இணைதலை ஆதரித்தனர், எண்மர் மறுத்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைம்மாறியது. 1956 மே 28-இல் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. எனினும் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் இசைவு தாழ்த்தமையால், 1962 ஆகஸ்டு 16-ஆம் நாளே அது நடைமுறைக்கு வந்தது. மண்ணின் முடிபு 178 பேராற் செய்யப்பெற்றது; மனிதரின் முடிபோ எட்டாண்டு கழித்து ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வுடன்படிக்கையின் விதி இது. இம்மண்ணிற் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் அன்று முதல் இந்தியக் குடிகளாவர். பிரெஞ்சுக் குடிமை வேண்டுவோர் ஆறு திங்களுக்குள் எழுத்தாற் கேட்டுக் கொள்ளவேண்டும். இங்குப் பிறந்து, இந்தியாவுக்குப் புறம்பான நாட்டில் வாழ்வோர்க்கோ இவ்விதி தலைகீழானது: அவர் பிரெஞ்சுக் குடிகளாகவே இருப்பர், இந்தியக் குடிமை வேண்டின் அவர் எழுதிக் கேட்கவேண்டும்.

அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பாராக. ஒரு வயிற்றிற் பிறந்தார் இருவருள், மூத்தோன் சைகோனிலும் இளையோன் ஊரிலும் இருந்தனர் என்று கொள்வோம். இருவரும் ஒன்றுஞ் செய்யாது வாளாவிருந்தனர். மூத்தோன் பிரெஞ்சுக்காரன் ஆயினான். இளையோன் இந்தியன் ஆயினான். வாளாவிருத்தலும் ஒரு முடிபே என்பதற்கு இதனினுந் தெளிந்த உதாரணம் வேண்டுமோ?

மேலும், மணமாகாத பதினெட்டு அகவைக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையின் கையொப்பமே முடிபு. தந்தை இல்லாவழித் தாயின் கையொப்பம். கணவனின் தேர்வு மனைவியைக் கட்டுப்படுத்தாது என்றும் விதி இருந்தது. ஆனால், அதனை அறிந்து தமக்கென எண்ணிப் பார்த்த பெண்டிர் எத்துணையர் இருந்திருப்பர்!

பிரெஞ்சுக் குடிமையைத் தேர்ந்தோர் ஏறத்தாழ ஐயாயிரவரே. அவருட் பலர் படைப்பணியும் அரசுப்பணியும் புரிந்த குடும்பத்தார். தேர்ந்தோர் எல்லாரும் கடல் கடந்தாரல்லர். பிரெஞ்சுக் குடிமையோடு ஊரிலேயே வாழ்ந்து, ஓய்வூதியம் பெற்று, பிரான்சின் தேர்தலுக்கு இங்கிருந்தே வாக்களித்தோரும் உளர். தேராதோர் எல்லாரும் அறியாமையால் விட்டாரும் அல்லர். நிலத்தையும் முதிய பெற்றோரையும் விட மனமில்லாதாரும், தாய்நாட்டின் குடியாதலையே பெருமையாகக் கொண்டாரும் அவருள் இருந்தனர்.

இப்பழங்கதையை இன்று எழுதுவது ஏன் எனின், அதன் நிழல் நம் பந்தலிலும் விழுகின்றமையால் என்க. பிரெஞ்சுக் குடிமையுள்ள மணமகனுக்கும் மணமகளுக்கும் தனி விலை பேசும் வழக்கத்தைப் புதுவையிற் காண்கின்றோம். பாட்டனார் ஒருநாள் இட்ட கையொப்பத்தைப் பேரர்கள் தராசில் இட்டு நிறுப்பது முறையோ? "எம் பாட்டனார் ஏமாந்தார்" என்று இருந்தோரின் வழியினர் நோதலும், "நாட்டை மறந்தார்" என்று சென்றோரைப் பிறர் இகழ்தலும் அத்தகையனவே. தம் கைக்கு எட்டிய செய்தியைக் கொண்டு, ஆறு திங்களுள் முடிபு செய்தவர் அவர். பின்வந்த அறுபதாண்டின் விளைவை அவர் கண்டிலர். கண்ட நாம் அவரை நியாயந் தீர்த்தல் எளிது.

மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் வேலை தேடுவதா, பாரீசுக்குச் செல்வதா என்று இன்றும் நம் பிள்ளைகள் வினவுகின்றனர். செல்க என்றோ நில்லுக என்றோ நாம் விதிக்கமாட்டோம். மூன்று மட்டும் கூறுவோம்: விதிகளை முற்றப் படித்தறிக, வீட்டுப் பெண்டிரையும் கேட்டு முடிபு செய்க, முடிபு செய்யாது காலங்கழிப்பின், காலமே முடிபு செய்துவிடும் என்பதை மறவற்க. சென்றாரும் நின்றாரும் ஒருவரையொருவர் இகழாது, ஓரில்லத்தாராக வாழ்தலே நம் குலத்துக்கு அழகு.