பலகையில் எழுதாத விலை

உணவு விடுதியின் சுவரில் தொங்கும் விலைப் பலகை பொய் சொல்வதில்லை. ஆயினும் முழு உண்மையையும் அது சொல்லிவிடுவதில்லை. அரிசி, உளுந்து, எண்ணெய், எரிபொருள், ஆட்கூலி, வாடகை ஆகிய அனைத்திற்கும் விலை உண்டு. இவற்றின் கூட்டுத்தொகைக்குக் குறைவாக ஒரு தட்டுப் பலகாரம் விற்கப்பெறுமாயின், குறைந்த தொகையை யாரேனும் ஒருவர் கொடுத்தே தீரவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைப் பெங்களூர் நகரத்துச் சிற்றுண்டியின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து, காலையும் மாலையும் கடை உணவையே நம்பி வாழும் தமிழ் மக்கள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

1924ஆம் ஆண்டில் மையா சகோதரர்கள் பெங்களூரில் ஒரு காபிக் கிளப்பைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் மாவள்ளி டிபன் ரூம்ஸ், அஃதாவது எம்.டி.ஆர்., என்று புகழ்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குப் பஞ்சம் வந்தது. ரவையைக் கொண்டு இட்லி செய்தார்கள். ரவா இட்லி அவ்வாறு தம்மிடமே பிறந்தது என்று அவ்விடுதியார் கூறுவர். இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. பண்டம் மாறியது, அந்த மாற்றம் பலகாரத்தின் பெயரிலேயே சொல்லப்பட்டது. உண்பவர் தாம் உண்பது இன்னதென்று அறிந்தே உண்டார்.

1975இல் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் உணவு விடுதிகள் மிகக் குறைந்த விலைக்கே பண்டங்களை விற்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. அந்த விலையில் தம் தரத்தைக் காத்தல் இயலாது என்று கண்ட எம்.டி.ஆர். விடுதியார் சிலகாலம் கடையை மூடினர். உடனடி மாவுப் பொட்டலங்களைச் செய்து விற்கத் தலைப்பட்டனர். அடக்கவிலைக்குக் கீழே விற்பதானால் ஒன்று தரம் குறைய வேண்டும், அன்றேல் கடை மூட வேண்டும் என்னும் பாடத்தை நகரம் அன்று கண்கூடாகக் கண்டது.

மற்றொரு வழியும் பிறந்தது. 1983இல் ஜயநகரில் தோன்றிய ‘தர்சினி’ என்னும் விடுதியில் உண்பவர் நின்றுகொண்டே உண்டனர். தட்டைத் தாமே வாங்கிக் கொண்டனர். மேசை, நாற்காலி, பரிமாறும் ஆள், அகன்ற இடம் ஆகியவற்றின் செலவு மிஞ்சியது. நகரெங்கும் இவ்வகை விடுதிகள் பெருகின. இம்மலிவுக்கு உரிய விலையை நம் கால்கள் கொடுத்தன, வயிறு கொடுக்கவில்லை.

இவையெல்லாம் வெளிப்படையான சிக்கனங்கள். மறைவான சிக்கனத்தின் கதை வேறு. 1937இல் டால்டா என்னும் வனஸ்பதி இந்தியச் சந்தைக்கு வந்தது. தாவர எண்ணெயோடு நிக்கல் உலோகத்தின் துணையால் ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்தால், அது நெய்போல உறையும், எளிதில் கெடாது, விலையோ நெய்யினும் மிகக் குறைவு. பலகாரக் கடைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் எண்ணெய் அரைகுறையாக உறையும்போது டிரான்ஸ் கொழுப்பு என்னும் ஒன்று உண்டாகின்றது. அது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தி நல்லதைக் குறைக்கின்றது என்பதை 1990இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். டென்மார்க் நாடு 2003இல் இதற்குச் சட்ட வரம்பு விதித்தது. நம் நாட்டில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. டால்டா வந்ததற்கும் இவ்விதி வந்ததற்கும் இடையே எண்பத்தைந்து ஆண்டுகள்!

வாணலியில் மீந்த எண்ணெயின் செய்தியும் இத்தகையதே. ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது சிதைந்து, உடலுக்கு ஒவ்வாத பொருள்களாக மாறுகின்றது. அச்சிதைவுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்னும் எல்லையை 2018 ஜூலையில் விதித்தனர். ஆயினும் எண்ணெயைக் கொட்டினால் நட்டம் என்று அஞ்சும் தள்ளுவண்டிக்காரர் அதை அளந்து பார்ப்பது அரிது.

1995 ஜூனில் கே.எப்.சி. நிறுவனம் இந்தியாவில் தன் முதல் விடுதியைப் பெங்களூர் பிரிகேட் சாலையில் திறந்தது. சுவையூட்டும் உப்பு அளவுமீறியது என்று கூறி மாநகராட்சி உரிமத்தை நீக்கியது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 1996 ஜனவரியில் விவசாய சங்கத்தினர் விடுதியைத் தாக்கினர். அயல்நாட்டுக் கடையின்மீது அவ்வளவு சினம் எழுந்தது. நம் தெருமுனை வாணலியை அன்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்கும் காலம் வந்தது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு காலிபிளவர் மஞ்சூரியன் மாதிரிகள் 171ஐச் சோதித்து, 107இல் தகாத செயற்கைச் சாயம் இருக்கக் கண்டது. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் காணப்பட்டது. அரசு இவ்வுணவுகளில் அத்தகைய சாயங்களைத் தடை செய்தது. 2025 பிப்ரவரியில் 251 இடங்களை ஆராய்ந்ததில், 52 இடங்களில் இட்லித் தட்டின்மேல் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை விரித்து வேகவைத்தல் தெரியவந்தது. துணியைத் துவைக்கும் கூலி மிச்சம். சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து கசிவது உண்பவருக்கு எச்சம்.

மலிவாக உண்ண விரும்புதல் குற்றமன்று. நாட்கூலி பெறுவோருக்கு அது தேவை. அதனாலன்றோ 2013இல் சென்னையில் அம்மா உணவகமும், அதைப் பின்பற்றி 2017 ஆகஸ்டில் பெங்களூரில் இந்திரா உணவகமும் எழுந்தன! தொடக்கத்தில் இங்கே காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். எஞ்சிய செலவை அரசு வெளிப்படையாக ஏற்றது. மலிவின் விலையை யார் கொடுக்கிறார் என்பதில் அங்கே மறைவில்லை.

ஆகவே, நேயர்களே, கடை வாயிலில் நிற்கும்போது விலைப் பலகையோடு வேறு மூன்றையும் நோக்குங்கள். எண்ணெய் கறுத்திருக்கிறதா? நிறம் இயற்கைக்கு மிஞ்சிச் சிவந்திருக்கிறதா? வேகும் பண்டத்தின் அடியில் இருப்பது துணியா, பிளாஸ்டிக்கா? உப்பும் கொழுப்பும் கண்ணுக்குத் தெரியா. அவற்றுக்கு அளவு ஒன்றே காவல். நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்கு மிகாதிருத்தலே நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெங்களூரில் எளிதில் கிடைக்கும் கேழ்வரகுக் களி, சேலத்திலும் தருமபுரியிலும் நாம் உண்டு வளர்ந்ததே. வாரத்தில் சில நாட்களேனும் அறையில் உலை வைத்தால், செலவும் குறையும். எதை உண்கிறோம் என்பதும் நமக்குத் தெரியும்.